ஆட நாம், தீர்ப்புச் சொல்ல அவர்களா?

'ப்ளூ ஸ்டார்' வந்தது. அரக்கோணத்தின் இரண்டு கிரிக்கெட் அணிகளுக்கு நடுவே கிடக்கும் சாதிக்கோட்டைப் பார்த்தோம். 'லப்பர் பந்து' வந்தது. திறமை இருந்தும் அணிக்குள் சேர்க்கப்படாத ஒருவனின் கோபத்தைப் பார்த்தோம். 'பைசன்' வந்தது. தென்மாவட்டத்து இளைஞன் ஒருவன் கபடிக் களத்தில் கால் வைப்பதற்கே எத்தனை பகையைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று பார்த்தோம். மூன்றுக்கும் கைதட்டினோம், பதிவு போட்டோம், இரவெல்லாம் விவாதித்தோம்.

யார் ஆடலாம் என்ற அந்த விவாதம் தேவையானதுதான். அதற்கு அடுத்த கேள்விக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை. களத்தில் விசில் யார் வாயில் இருக்கிறது? 'அவுட்' என்று விரலைத் தூக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

நிலம் இருக்கிறது, இட ஒதுக்கீடு இருக்கிறது, ஆணவக்கொலை இருக்கிறது, இதற்கிடையில் அம்பயரைப் பற்றி எழுத வந்துவிட்டீர்களா என்று சில தோழர்கள் கேட்பார்கள். சாதி என்பதே யார் தீர்ப்புச் சொல்வது, யார் கைகட்டிக் கேட்டுக்கொள்வது என்ற ஏற்பாடுதானே தோழர்களே? தீர்ப்புச் சொல்லும் இடம் எதுவும் சின்ன இடம் அல்ல. ஊர் நாட்டாமையின் திண்ணையும் உயர் நீதிமன்ற நாற்காலியும் ஒரே வரிசையில் வருபவை. டோர்னமென்ட் நடக்கும் பொட்டலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. நாளெல்லாம் வெயிலில் நின்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

காமன் அம்பயர் எவ்வளவு காமன்?

நம் ஊர் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் முதல் சுற்றுகளுக்குப் பேட்டிங் அணிக்காரர்களே அம்பயர் நிற்பார்கள். அரையிறுதி, இறுதி என்று வரும்போது கமிட்டி 'காமன் அம்பயர்' போடும். கமிட்டியில் யார் இருக்கிறார்கள்? முதல் பரிசுத் தொகை கொடுத்தவர், கோப்பை வாங்கித் தந்தவர், ஆடுவதற்கு இடம் விட்டவர், மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் பொறுப்பேற்றவர். இந்த நால்வரும் ஒரே சாதியாக இருக்கும் ஊர்களை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அவர்கள் போடும் ஆள் எவ்வளவு காமன் என்பதைக் காலனி அணிக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

கபடி இன்னும் நெருக்கமான ஆட்டம். ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் வேண்டும் என்கிறது விதி. விரல்நுனி பட்டதா இல்லையா, போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையில் இருந்ததா, ரைடர் மூச்சு விட்டாரா என்று ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு தீர்ப்பு. தொட்டால் தீட்டு என்று சொல்லி வளர்ந்த ஊரில், 'தொட்டான், பாயிண்ட்' என்று அறிவிக்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாரத்தை ஊர்த் தெரு தன் கையில் வைத்துக்கொள்ளத் துடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

தீர்ப்புத் தவறினால் காலனிப் பையன்களுக்கு இரண்டு வழிதான். பேசாமல் தோற்று வீட்டுக்குப் போகலாம். இல்லை, எதிர்த்துக் கேட்கலாம். கேட்டால் அது அதோடு முடியாது. 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் ககோஷி கிராமத்தில், பள்ளி மைதானத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தின்போது ஒரு தலித் சிறுவன் பந்தை எடுத்தான். அதற்கு வசவு, மிரட்டல். தட்டிக் கேட்ட குடும்பத்தின் மீது அன்று மாலை தாக்குதல். சிறுவனின் உறவினர் ஒருவரின் கட்டைவிரல் துண்டிக்கப்பட்டது. பந்தை எடுத்துக் கொடுத்ததற்கே இது. அந்த மைதானத்தில் ஒரு தலித் நடுவர் விரலைத் தூக்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் 'விளையாட்டு எல்லோரையும் இணைக்கிறது' என்று மேடையில் பேசுவது பொய்.

உடம்பு வேண்டும், தீர்ப்பு வேண்டாம்

ஒடுக்கப்பட்டவரின் திறமையை எடுத்துக்கொண்டு அதிகாரத்தை மறுப்பது இந்திய விளையாட்டின் பழைய வழக்கம். பல்வாங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புனேயில் ஐரோப்பியர் கிளப்பின் மைதானப் பணியாளர். ஐரோப்பியரைத் தோற்கடிக்க இந்துக்கள் அணிக்கு அவருடைய பந்து தேவைப்பட்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தனியாகக் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர் அவர். இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி மட்டும் அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923இல்தான் அவருடைய தம்பி விட்டல் அந்த இடத்துக்கு வந்தார்.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே கதைதான். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்து உள்ளே வந்தது 1947. அந்த லீக்கில் முதல் கறுப்பின அம்பயராக எமெட் ஆஷ்ஃபோர்டு நின்றது 1966. இடையில் 19 ஆண்டுகள். சிறிய லீக்குகளில் 15 ஆண்டுகள் நின்று, 51 வயதில்தான் அவருக்கு அந்தக் கதவு திறந்தது. அம்பயர் குழுவுக்குத் தலைமை தாங்கும் இடத்துக்கு ஒரு கறுப்பர், கெர்வின் டான்லி, நிரந்தரமாக வந்தது 2020இல். கறுப்பரின் ஓட்டத்துக்குக் காசு கொடுத்துப் பார்க்கத் தயாரான நாடு, கறுப்பர் சொல்லும் தீர்ப்புக்குத் தலைவணங்க அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்திலும் 2020இல் ஜான் ஹோல்டர், இஸ்மாயில் தாவூத் என்ற இரண்டு முன்னாள் நடுவர்கள் கிரிக்கெட் வாரியத்தின் மீது நிறவெறிக் குற்றச்சாட்டு வைத்தார்கள். 1992க்குப் பிறகு முதல்தரப் போட்டிகளின் நடுவர் பட்டியலில் வெள்ளையர் அல்லாத ஒருவர்கூடப் புதிதாகச் சேர்க்கப்படவில்லை என்பது அவர்கள் வாதம்.

ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிட்டால் நடுவர்கள் தானாக வந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆண்டுக்கணக்குகளே பதில். தானாக யாரும் வரவில்லை. வர விடவில்லை.

நடுநிலை ஒரு ஏற்பாடு

'நல்ல மனுஷனா இருந்தா போதும், எந்தச் சாதியா இருந்தா என்ன?' என்று ஒரு குரல் வரும். குறளில் நடுவுநிலைமைக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது, அது மனிதரின் குணம் சார்ந்தது என்பார்கள். குணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் குணத்தை நம்பி உலகக் கிரிக்கெட்டே நடக்கவில்லை.

ஒரு காலத்தில் டெஸ்ட் ஆட்டங்களுக்கு உள்நாட்டு அம்பயர்கள்தான் நிற்பார்கள். தோற்ற அணி ஒவ்வொரு முறையும் அவர்களைச் சந்தேகப்பட்டது. 1986இல் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் லாகூரில் மோதியபோது, இம்ரான் கானின் முயற்சியால், இந்தியாவைச் சேர்ந்த வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாக அழைக்கப்பட்டார்கள். 1994இலிருந்து ஒரு நடுவராவது வேற்று நாட்டவராக இருக்க வேண்டும் என்றும், 2002இலிருந்து களத்தில் நிற்கும் இருவருமே அப்படித்தான் என்றும் ஐசிசி விதி வகுத்தது. உள்நாட்டு அம்பயர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சந்தேகத்துக்கே இடம் வைக்காதபடி ஏற்பாடு செய்தார்கள், அவ்வளவுதான்.

தேசம் ஒருவரின் பார்வையைச் சாய்க்கும் என்பதை லார்ட்ஸ் முதல் லாகூர் வரை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சாதி சாய்க்கும் என்று நாம் சொன்னால் மட்டும் 'விளையாட்டில் சாதியைக் கொண்டு வராதீர்கள்' என்கிறார்கள். நாம் எங்கே கொண்டு வந்தோம்? பள்ளி மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்கே தடை வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. கயிறு கட்டிய கையோடுதான் அந்தப் பிள்ளைகள் மாலையில் மைதானத்துக்கு வருகிறார்கள். சாதி ஏற்கெனவே களத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்கு யார் விசில் ஊதுவது என்பதே நம் கேள்வி.

வழிகாட்டுதல் ஏற்கெனவே நடக்கிறது, அவர்கள் வீட்டில்

நடுவராவது எப்படி? கிரிக்கெட் என்றால் மாநிலச் சங்கத்தின் தேர்வு, பிறகு லீக் ஆட்டங்கள், பிறகு வாரியத் தேர்வு. எம்சிசியின் 42 விதிகளையும் ஆங்கிலத்தில் கரைத்துக் குடிக்க வேண்டும். கண், உடல்தகுதி, நேர்முகம், காணொலி என்று சோதனைகள். 2022இல் பிசிசிஐ நடத்திய ஒரு நடுவர் தேர்வில் சுமார் 140 பேர் கலந்துகொண்டு 3 பேர் மட்டுமே தேறியதாகச் செய்தி வந்தது. புத்தகத்தில் நேராக விடை இல்லாத, களச் சூழல் சார்ந்த கேள்விகளே அதில் அதிகம்.

அப்படிப்பட்ட கேள்விக்கு எப்படித் தயாராவது? ஏற்கெனவே நின்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கு ஒருமுறை இப்படி ஆச்சு, நான் இதைச் செய்தேன்' என்று சொல்லித்தர வேண்டும். ஐசிசியின் உயர்மட்டக் குழுவில் இன்று நிற்கும் நிதின் மேனனின் தந்தை நரேந்திர மேனனும் சர்வதேச நடுவர். நிதினின் திறமையில் குறை காண ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையிலேயே எல்பிடபிள்யூ பேசப்படும் வீடு என்பது ஒரு பயிற்சிக்கூடம் என்பதைத்தான் சொல்கிறோம். கூலி வேலைக்குப் போகும் அப்பா அம்மாவின் பிள்ளைக்கு அந்த மேசை கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரி படும் பாட்டை நாம் அறிவோம். முதல் தலைமுறை நடுவரின் பாடும் அதேதான்.

ஆக, மென்டரிங் என்பது நாம் புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. அது இந்த நாட்டில் காலங்காலமாக நடக்கிறது. அப்பா மகனுக்கு, மாமா மருமகனுக்கு, சீனியர் வக்கீல் தன் சொந்தக்கார ஜூனியருக்கு. விளைவு என்ன? 2018 முதல் 2022 வரை நியமிக்கப்பட்ட 537 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் சுமார் 79 விழுக்காடு உயர்சாதியினர், பட்டியல் சாதியினர் 2.8 விழுக்காடு, பழங்குடியினர் 1.3 விழுக்காடு என்று ஒன்றிய சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. வழிகாட்டுதல் குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் மட்டும் ஓடினால் கடைசியில் கிடைக்கும் பட்டியல் இதுதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தகுதி'.

பெண்களுக்கும் இதே கதவுதான் சாத்தியிருந்தது. 1934இல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பையில் பெண்கள் நடுவர்களாக நின்றது 2023 ஜனவரியில். விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன், நம் சென்னையின் ஜனனி. அவர்கள் திறந்த கதவு மறுபடி மூடாமல் இருக்க, பின்னால் ஒரு வரிசை நிற்க வேண்டும்.

துரோணர் வேண்டாம்

சரி, நாமே தொடங்குவோம் என்றால் எந்த மாதிரியான வழிகாட்டி வேண்டும்? இங்கேதான் எச்சரிக்கை தேவை. சிறந்த பயிற்சியாளருக்கு இந்திய அரசு 1985 முதல் தரும் விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. சொல்லியே தராமல் கட்டைவிரலை மட்டும் கேட்டு வாங்கியவர் பெயரில்தான் இந்த நாட்டில் பயிற்றுநருக்கு மரியாதை. 'குருபக்தி' என்ற சொல்லுக்குள் அந்தக் கத்தி இருக்கிறது. காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்லும் குரு நமக்கு வேண்டாம். 'உன்னை நான்தான் வளர்த்துவிட்டேன்' என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்ளும் கருணைக்காரரும் வேண்டாம். உடன் நிற்கும் தோழர் போதும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரு மாவட்டத்தில் பத்துப் பேரோடு தொடங்க இவ்வளவு போதும்.

முதலாவது, ஆள். இருபத்தைந்து வயதில் முட்டி போய்க் கபடியை விட்டவர், கல்யாணத்தோடு கால்பந்து நிறுத்தப்பட்ட பெண், காலனி அணியில் ஸ்கோர் நோட்டு எழுதும் பையன். ஆட்டம் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் திருநர்களுக்கும் முதலிடம்.

இரண்டாவது, ஒருவருக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் ஓய்வுபெற்ற நடுவரோ உடற்கல்வி ஆசிரியரோ, விதியும் நிற்கும் இடமும் சைகையும் சொல்லித்தர. இன்னொருவர் மிரட்டல் வந்தால் இரவு பதினொரு மணிக்கும் போனை எடுக்கும் இயக்கத் தோழரோ வழக்கறிஞரோ.

மூன்றாவது, வழிகாட்டுபவர் மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போடுபவரிடம் யாரும் தன் சந்தேகத்தைச் சொல்லமாட்டார்கள். மதிப்பீடு செய்ய வேறு ஆளை வைக்க வேண்டும்.

நான்காவது, தமிழில் விதிகள். ஆங்கிலம் தெரியாததால் ஆட்டம் தெரியாது என்று ஆகிவிடாது. வாரம் ஒரு காணொலி, நான்கு சூழல் கேள்விகள், ஒரு மணி நேர விவாதம். கைபேசியிலேயே நடத்தலாம். பிறகு தேர்வுக்கான ஆங்கிலத்தையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

ஐந்தாவது, முதல் பத்து ஆட்டங்களுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே வழிகாட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இடைவேளையில் தண்ணீர் கொடுத்து, 'அந்த ரன் அவுட்டுக்கு நீ நின்ற இடம் தப்பு' என்று காதோடு சொல்ல வேண்டும். புது நடுவர்கள் களத்தை விட்டு ஓடுவது முதல் சில ஆட்டங்களில்தான். விதி தெரியாமல் யாரும் ஓடுவதில்லை. சுற்றி நின்று கத்துபவர்களுக்கு நடுவே தனியாக நிற்க முடியாமல்தான் ஓடுகிறார்கள்.

ஆறாவது, காசு. போக்குவரத்து, ஷூ, விசில், ஆட்டத்துக்கான சம்பளம் எல்லாம் கணக்கில் இருக்க வேண்டும். 'சேவையாகச் செய்யுங்கள்' என்பது சோறு இருப்பவன் சொல்லும் வார்த்தை. மேலே இருக்கும் நடுவர்கள் யாரும் சேவை செய்யவில்லை. உள்நாட்டு முதல்தரப் போட்டிகளில் உயர்பிரிவு நடுவர்களுக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் என்று 2022இல் செய்தி வந்தது. இது ஒரு தொழில். நம் பிள்ளைகள் அதைத் தொழிலாகவே அணுகட்டும்.

ஏழாவது, பாதுகாப்பு. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். மைதானத்தைவிடப் பொதுப் பார்வை எங்கே இருக்கிறது? நிறவெறிக் கூச்சல் எழுந்தால் ஆட்டத்தை நிறுத்து, அடங்காவிட்டால் இடைநிறுத்திக் களத்தை விட்டு வெளியேறு, அப்போதும் தொடர்ந்தால் கைவிடு என்று ஃபிஃபா மூன்று படிகள் வைத்திருக்கிறது. அதை அப்படியே நம் டோர்னமென்ட் நோட்டீஸில் அச்சடிப்போம். சாதி வசவுக்கும் அதே மூன்று படி. கையெழுத்துப் போடாத அணிக்கு ஆட்டம் இல்லை.

'அவர்களும் பாரபட்சம் காட்டமாட்டார்களா?'

காட்டலாம். ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் தேவதை ஆகிவிடமாட்டார். அதனால்தான் ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். சொந்த ஊரில் நிற்கக் கூடாது. இரு முனையிலும் ஒரே தெருக்காரர் நிற்கக் கூடாது. சர்ச்சையான தீர்ப்புகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த விதிகள் நம்மவருக்கும் சேர்த்துத்தான். இதே கண்காணிப்பை இதுவரை எந்தக் கமிட்டியாவது தன் ஆட்கள் மீது வைத்திருக்கிறதா என்பதையும் கேட்டவர்கள் சொல்லட்டும்.

'டிஆர்எஸ் வந்துவிட்டது, இனி மனிதக் கண் எதற்கு?' என்பது இன்னொரு வாதம். பல கேமராக்களும் பந்தின் பாதையைக் கணிக்கும் கணினியும் இருக்கும் இடத்திலேயே 'அம்பயர்ஸ் கால்' என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. பந்தலில் ஒரு டியூப்லைட் எரியும் நம் களத்தில் எல்லாமே அம்பயர்ஸ் கால்தான்.

கடைசியாக, நம் இயக்கங்களிடம் ஒரு கேள்வி. ஏப்ரல் 14க்கு ஊர் ஊராக அம்பேத்கர் கோப்பை நடத்துகிறோம். நீலக் கொடி, நீல ஜெர்சி, பறை எல்லாம் இருக்கிறது. இறுதி ஆட்டத்துக்கு நடுவர் எங்கிருந்து வருகிறார்? 'அனுபவஸ்தர், சங்கத்தில் பழக்கம் உள்ளவர்' என்று வெளியிலிருந்து கூட்டி வந்து சால்வை போடுகிறோம். நம் பிள்ளை அவருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறான். நம் சொந்தக் களத்தில்கூடத் தீர்ப்பை வாடகைக்கு வாங்குவது எந்த விடுதலை?

அடுத்த ஏப்ரலுக்கு நேரம் இருக்கிறது. உங்கள் கிளையில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவராவது இருப்பார், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். விதிப் புத்தகத்தை வைத்து வாரம் ஒருமுறை உட்காருங்கள். முதலில் நம் கோப்பை, பிறகு பக்கத்து ஊர், பிறகு மாவட்டச் சங்கத்தின் தேர்வு. விசில் ஒன்று சில நூறு ரூபாய்தான். அதை ஊதும் துணிச்சலைத் தனியாக எவராலும் வாங்கிவிட முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று தர வேண்டும். அந்த ஒருவராக நிற்க நம்மில் யார் தயார்?